ஒரு டி.சி., இரண்டு பட்டப்படிப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடிவு வந்ததுமே சேலத்தில் பெற்றோரும் பிள்ளைகளும் எங்களிடம் கேட்பது ஒன்றுதான்: "காலேஜ்ல பி.காம். படிச்சுக்கிட்டே தபால்ல இன்னொரு டிகிரி போடலாமா?" போடலாம். 2022 ஏப்ரல் 13இல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) வெளியிட்ட வழிகாட்டுதல் அதற்கு இடம் தருகிறது. இரண்டையும் கல்லூரிக்குப் போயே படிக்கலாம். வகுப்பு நேரம் மட்டும் ஒன்றோடொன்று மோதக்கூடாது. ஒன்றைக் கல்லூரியிலும் மற்றதைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ படிக்கலாம். இரண்டுமே தொலைநிலையாக இருந்தாலும் தடையில்லை. பிஎச்.டி.க்கு மட்டும் இது பொருந்தாது. அந்தத் தேதிக்கு முன்பே விதிப்படி இரண்டு பட்டம் படித்தவர்களுக்கும் 2025இல் அங்கீகாரம் கிடைத்துவிட்டது.

அனுமதி வந்தும் பிள்ளைகள் திண்டாடுவது டி.சி.யில்தான். பள்ளி கொடுப்பது ஒரே ஒரு அசல் மாற்றுச் சான்றிதழ். கல்லூரி அதை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்கிறது. இரண்டாவது இடத்திலும் அசலைக் கேட்டால் மாணவர் எங்கே போவார்? சில தொலைநிலை மையங்கள் டி.சி. கேட்பதில்லை, சில கேட்கின்றன. எதுவென்று பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கல்லூரியில் அசலை ஒப்படைக்கும் முன் டி.சி., மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று மூன்றுக்கும் சான்றொப்பமிட்ட நகல் நான்கு செட் எடுத்து வையுங்கள். சேர்ந்த மறுவாரமே, இங்கே படிக்கிறார் என்று கல்லூரி தரும் போனஃபைடு சான்றிதழும் வாங்கிவிடுங்கள். பல இடங்களில் அதைக் காட்டினாலே போதும்.

அடுத்து பெயர். தொலைநிலை, ஆன்லைன் படிப்பில் சேர இப்போது டெப் ஐடி, அதாவது யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் (டெப்) தளத்தில் பெறும் அடையாள எண் வேண்டும். அதற்கு முன் ஏபிசி ஐடி, அதாவது படித்துப் பெறும் கிரெடிட் புள்ளிகளைச் சேர்த்து வைக்கும் கணக்கின் எண் வேண்டும். அது ஆதார் விவரத்தை வைத்து உருவாகிறது. மதிப்பெண் பட்டியலில் 'எஸ். கவிதா' என்றும் ஆதாரில் 'கவிதா செல்வராஜ்' என்றும் இருந்தால் பதிவு அங்கேயே நின்றுவிடும். இனிஷியலை முன்னால் போடும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது அடிக்கடி நேர்கிறது. ஆதாரில் வாழ்நாள் முழுக்க இரண்டு முறைதான் பெயரைத் திருத்த முடியும். அதனால் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் புள்ளி, இடைவெளி உட்பட எப்படி இருக்கிறதோ அப்படியே ஒரே முறையில் திருத்திக்கொள்வது நல்லது. சேர்க்கையின் கடைசி வாரத்தில் இந்த வேலையை ஆரம்பித்தால் நடக்காது.

மூன்றாவது, நேரக் கணக்கு. இதை யாருமே உட்கார்ந்து போட்டுப் பார்ப்பதில்லை. தொலைநிலையில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. மூன்றாண்டில் 120 கிரெடிட் என்றால் ஆண்டுக்கு 1,200 மணி, அதாவது வாரம் 23 மணி நேரம். கல்லூரி வகுப்பு மட்டும் வாரம் 25 முதல் 30 மணி. ஏற்காட்டிலிருந்து இறங்கி வரும் பிள்ளை 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிப் போய்வர, நாளைக்கு இரண்டு மணிக்குக் குறையாமல் பஸ்ஸிலேயே கழியும். ஆக வாரம் 60 மணி நேரம். முதல் பட்டத்துக்கு வீட்டில் படிக்கும் நேரம் இதில் சேரவில்லை. நவம்பரில் கல்லூரி செமஸ்டர் தேர்வு வரும்போது மலையில் காபிப் பழம் பறிப்பும் தொடங்கிவிடும். எஸ்டேட்டில் அம்மா அப்பாவுக்குக் கை கொடுக்கும் பிள்ளைக்கு அந்த மாதம் எப்படிப் போகும் என்று மலையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

வருகைப் பதிவையும் பாருங்கள். 90 வேலை நாளில் 75 விழுக்காடு என்றால் 68 நாள் வந்தாக வேண்டும். 22 நாள்தான் கையில் மிச்சம். காய்ச்சல், கல்யாணம், திருவிழா எல்லாம் போக, இரண்டாவது பட்டத்தின் தேர்வு நாட்களும் இதற்குள் அடங்க வேண்டும். இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கிறது. டிசம்பர் தேர்வு பல வாரம் நீளும், அடுத்த செமஸ்டர் தொடங்கும் நேரத்தோடு மோதும். இன்னொன்று: அங்கே பெரும்பாலான பட்டப்படிப்புகளில், வீட்டில் எழுதிக் கொடுக்கும் ஒப்படைவுக்கு (அசைன்மென்ட்) 30, தேர்வுக்கு 70 விழுக்காடு. தேர்வில் தேறிவிட்டு, ஒப்படைவைக் கொடுக்காததால் பட்டம் வாங்க முடியாமல் நிற்பவர்கள் ஏராளம். ஒப்படைவைக் கொடுக்கும்போதே ரசீது வாங்கி வையுங்கள்.

எங்கள் கருத்தைச் சொல்லிவிடுகிறோம். டி.என்.பி.எஸ்.சி. எழுதுவதற்காக மட்டும் இரண்டாவது பட்டம் வேண்டாம். குரூப் 4க்குப் பத்தாம் வகுப்பே போதும். இன்னொரு பட்டத்துக்காகக் கூடுதல் மதிப்பெண் எதுவும் கிடையாது. ஆசிரியர் பணியை நினைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மூன்றாண்டுப் பட்டத்துக்குப் பின் ஓராண்டில் வாங்கிய 'இரட்டைப் பட்டம்' பதவி உயர்வுக்குச் செல்லுமா என்று நம் மாநில ஆசிரியர்கள் உயர் நீதிமன்றம் வரை போக நேர்ந்தது. சட்டப் படிப்போடு இன்னொரு முழுநேரப் பட்டம் சேர்க்க பார் கவுன்சில் விதி இடம் தராது. பொறியியல், நர்சிங், வேளாண்மையைத் தொலைநிலையில் தருவதாக யார் சொன்னாலும் நம்பாதீர்கள். யுஜிசி அவற்றை அனுமதிப்பதே இல்லை. பல்கலைக்கழகத்தின் பெயர் பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது, நீங்கள் சேரும் பாடத்துக்கு, சேரும் ஆண்டுக்கு அனுமதி உண்டா என்று டெப் தளத்தில் பாருங்கள். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் அரசு தரும் மாதம் 1,000 ரூபாயும் கல்லூரிக்குப் போய்ப் படிக்கும் படிப்புக்குத்தான்.

பலன் தரும் சேர்க்கை எது என்றால், முதல் பட்டத்தில் இல்லாத திறனைத் தருவதுதான். கணிதமோ பொறியியலோ படிப்பவருக்குச் சென்னை ஐஐடியின் டேட்டா சயின்ஸ் பி.எஸ். பொருத்தமானது. ஜேஇஇ தேவையில்லை, நான்கு வாரத் தகுதிச் சுற்றில் தேறினால் சேரலாம். முழுப் பட்டம் வரை போக முடியாவிட்டாலும் அடிப்படைச் சான்றிதழ், டிப்ளமோ என்று நடுவழியில் இறங்கிக்கொள்ளலாம், படித்தது வீண்போகாது. ஆனால் ஒரு பாடத்துக்கே வாரம் 10 மணி நேரம் போகும், தேர்வு நேரில்தான். முதல் ஆண்டில் தொடங்காமல், கல்லூரியில் முதல் இரண்டு செமஸ்டரை அரியர் இல்லாமல் முடித்த பிறகு பருவத்துக்கு ஒரு பாடம் என்று எடுப்பதே நல்லது.

சேலம் மாவட்டக் கல்லூரிகளுக்கும் பெரியார் பல்கலைக்கழகத்துக்கும் எங்கள் வேண்டுகோள் இரண்டு. அசல் டி.சி.யைச் சரிபார்த்துவிட்டு, இரண்டாவது சேர்க்கைக்குச் செல்லும்படி சான்றொப்பமிட்ட நகலை முதல்வர் அலுவலகமே கொடுக்க வேண்டும். தேர்வு நடக்கும் வாரங்களைத் தொலைநிலைச் சேர்க்கை முடியும் முன்பே, ஜூலைக்குள், அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். புதிய அரசாணை எதுவும் இதற்குத் தேவையில்லை.

இப்படிக்கு,
சேர்க்கை வழிகாட்டும் ஆசிரியர்கள் சிலர்,
அஸ்தம்பட்டி, சேலம்.