கலைமான் மேல் நிற்கும் தெய்வம்

அன்பு நண்பர் வேலாயுதம் அவர்களுக்கு,

வணக்கம். கண் அறுவை முடிந்து ஒரு மாதம் ஆகிறது. படிக்கலாம் என்று மருத்துவர் சொன்னதும் முதலில் கையில் எடுத்தது உங்கள் கடிதத்தைத்தான். மானை வேட்டையாடிய மக்கள் தங்கள் தெய்வத்தை அதே மானின் முதுகில் ஏன் நிற்க வைத்தார்கள் என்று கேட்டிருந்தீர்கள். பத்து நாட்களாக அந்தக் கேள்வியை விட்டு என்னால் நகர முடியவில்லை.

பண்டைக் காலத்தில் இன்றைய துருக்கிப் பகுதியில் வாழ்ந்த லூவியர்கள் அத்தெய்வத்தைக் குருந்தா என்றும், பிற்காலத்தில் ருந்தியா என்றும் அழைத்தார்கள். அவர்களுடைய சித்திர எழுத்தில் கலைமானையோ அதன் கொம்பை மட்டுமோ செதுக்கினாலே போதும், அது அவன் பெயராகிவிடும். ஆப்பு வடிவக் கோடுகளால் எழுதும் ஆப்பெழுத்துக் களிமண் பலகைகளிலோ, காவல் தெய்வம் என்று பொருள்படும் குறியால் அவனை எழுதினார்கள். உங்கள் கேள்விக்கு விடை இந்தக் குறியில்தான் இருக்கிறது என்று நம்புகிறேன்; வேட்டைக்குரிய தெய்வமே காட்டுக்கும் காவலன்.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில், கி.மு. 14-13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, 18 செ.மீ. உயரமுள்ள வெள்ளிக் கலம் ஒன்று இருக்கிறது. முன்பாதி முழுவதும் கலைமானின் வடிவம். கழுத்தைச் சுற்றியுள்ள புடைப்புச் சிற்பத்தில், ஒரு கையில் வேட்டைப் பறவையும் மறு கையில் வளைந்த கோலும் ஏந்தி அத்தெய்வம் மான்மேல் நிற்கிறது. எதிரே வழிபடுவோர் பானம் வார்த்தும் அப்பம் வைத்தும் படைக்கிறார்கள். சற்றுத் தள்ளி, மரத்தடியில் ஒரு கலைமான் கிடக்க, அருகே அம்பறாத்தூணியும் இரண்டு ஈட்டிகளும் காணப்படுகின்றன. தெய்வத்தைத் தாங்கும் மானும் வீழ்ந்த மானும் ஒரே பட்டையில் இடம்பெற்றிருப்பது என்னை மிகவும் நெகிழச் செய்தது.

கி.மு. 8ஆம் நூற்றாண்டில் குர்த்தி என்னும் அரசன் துருக்கியிலுள்ள போச்சா என்னுமிடத்துக் கல்வெட்டில், தான் ருந்தியாவுக்கு நல்லவனாக இருப்பதாகவும், அதனால் அவன் தனக்குக் காட்டு விலங்குகளை அருள்வதாகவும் பொறித்திருக்கிறான். தன் வில்லின் திறமையை முன்னிறுத்தாமல், கிடைத்த வேட்டையை உரியவன் தந்த கொடையாக அவன் சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது. அதே நூற்றாண்டின் கராத்தெப்பே என்னுமிடத்தில், லூவிய மொழியிலும் பினீசிய மொழியிலும் பொறித்த கல்வெட்டிலும் ருந்தியா வருகிறான். அங்கே பினீசிய மொழிப் பகுதி அவனை ரெஷெப் என்னும் பினீசியர்களின் தெய்வத்தின் பெயரால் குறிக்கிறது.

வெள்ளிக் கலத்தின் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். மரத்தடி மானின் மடிந்த கால்களை உற்றுப் பார்த்துவிட்டு, உங்களுக்குத் தோன்றுவதை எழுதுங்கள்.

என்றும் அன்புடன்,
சிதம்பரநாதன்