ஆலோசகருக்குப் பட்டம் இருக்கிறது, பயிற்சி எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாவட்டங்களில் மனநல ஆலோசகர்களின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும் என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கூட்டத்தான் வேண்டும். ஆனால் அந்த ஆலோசகர்கள் யாரிடம், எப்படிப் பழகி வேலைக்கு வருகிறார்கள் என்பதைக் கட்டுரை தொடவில்லை. சேலத்தில் குடும்பங்களோடு பல வருடங்களாக வேலை செய்கிறவள் நான். அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எங்களிடம் தனி ஆளாக வருகிறவர்கள் குறைவு. கணவரின் குடியைப் பற்றிச் சொல்ல மனைவி வருவார். கூடவே மாமியார், தாய்மாமன், சில நேரம் எதிர்வீட்டு அக்காவும் வருவார்கள். யாரை முதலில் பேசவிடுவது? மருமகள் வாயே திறக்காவிட்டால் என்ன செய்வது? அடுத்த வாரம் கணவர் வந்து, "இவ சொல்றதெல்லாம் பொய்" என்று சத்தம் போட்டால்? முதுகலை முடித்து வருகிற பிள்ளைகள் கெட்டிக்காரர்கள்தான். மூன்று தலைமுறைக்குக் குடும்ப வரைபடம் போட்டுக் காட்டுவார்கள். ஆனால் அவர்களில் பலர் ஒரு குடும்பத்தின் நடுவே உட்கார்ந்ததே இல்லை. நன்றாகப் பேசுகிற மாமியாரிடமே முக்கால் மணி நேரம் போய்விடும். மருமகள் மறுபடி வரமாட்டார். ஏன் வரவில்லை என்று அந்த இளம் ஆலோசகருக்குத் தெரியாது, பார்த்துச் சொல்ல அங்கே யாரும் இல்லையே.

அடி உதை இருக்கிற வீடு என்றால் நிலைமை இன்னும் மோசம். கணவர் முன்னாலேயே மனைவியிடம் உண்மையைக் கேட்டு வாங்கி, அப்புறம் இருவரையும் ஒரே பேருந்தில் வீட்டுக்கு அனுப்பினால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. முதலில் தனித்தனியாகப் பேச வேண்டும், ஆபத்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணையும் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தையும் எடுத்துச் சொல்ல வேண்டும். இது பரீட்சையில் எழுதி வருவதல்ல, அனுபவப்பட்ட ஒருவர் பக்கத்தில் இருந்து பழக்க வேண்டியது. செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்துக் கொலுசுப் பட்டறையில் கூட, புதுப் பையனிடம் வெள்ளியையும் நெருப்பையும் கொடுத்துவிட்டு யாரும் வெளியே போய்விட மாட்டார்கள்.

குடும்பத்தையே ஒன்றாக உட்கார வைத்துப் பேசும் குடும்ப சிகிச்சை வளர்ந்ததே இப்படித்தான். ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் மூத்தவரும் மற்ற மாணவர்களும் உட்கார்ந்து, உள்ளே நடப்பதை அப்போதைக்கு அப்போதே கவனித்துத் திருத்துவார்கள். நார்வேயின் மனநல மருத்துவர் டாம் ஆண்டர்சன் 1985இல் அந்த ஏற்பாட்டையே திருப்பிப் போட்டார்: பின்னால் இருந்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைக் குடும்பமே கேட்கும்படி செய்தார். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் குடும்ப சிகிச்சை முன்னோடி சால்வடோர் மினுச்சின் குழுவினர், பட்டம் இல்லாத உள்ளூர் ஆட்களையே எடுத்து, கூடவே இருந்து குடும்ப ஆலோசகர்களாகப் பழக்கினார்கள்.

நம் நாட்டிலும் குடும்பத்தைச் சேர்த்துச் சிகிச்சை தருவதற்கு வேர் உண்டு. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், கூடாரம் போட்டு நோயாளிகளோடு குடும்பத்தாரையும் தங்க வைத்தார். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையத்தில் குடும்பம் உடன் தங்குவது தொடக்கத்திலிருந்தே வழக்கம். பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸில் குடும்ப மனநலத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. சேலத்திலிருந்து வேலூரும் பெங்களூரும் சில மணி நேரப் பயணம்தான். அந்தப் பழக்கம் இங்கே வந்து சேராததுதான் என் வருத்தம்.

பட்டம் இல்லாதவர்களை வைத்தே வேலையை முடிக்கலாமே என்று சிலர், சாதாரண ஆட்களையே ஆலோசகர்களாக்கிய கோவாவைக் காட்டுவார்கள், மனம் சோர்ந்தவர்களுக்கு ஆலோசனை சொல்லும் ஜிம்பாப்வேயின் பாட்டிகளைக் காட்டுவார்கள். காட்டட்டும், நல்ல உதாரணங்கள்தான். ஆனால் கோவாவில் அந்த ஆலோசகர்கள் தாங்கள் பேசியதை ஒலிப்பதிவு செய்து, குழுவாக உட்கார்ந்து கேட்டு, ஒருவருக்கொருவர் மதிப்பெண் போட்டார்கள். ஜிம்பாப்வேயின் தலைநகர் ஹராரேயில் 2006இல் மனநல மருத்துவர் டிக்சன் சிபண்டா தொடங்கிய திட்டத்திலும் பாட்டிகளுக்குப் பயிற்சியும் தொடர்ந்த மேற்பார்வையும் இருந்தன. அதை விட்டுவிட்டு "யார் வேண்டுமானாலும் செய்யலாம்" என்று எடுத்துக்கொள்வது மக்களுக்குச் செய்கிற அநியாயம்.

ஏற்காட்டு மலைக்குப் போனால் வேறு விதமாகவும் பழக வேண்டியிருக்கிறது. காபிப் பழம் பறிக்கிற மாதங்களில் பகலில் வீட்டில் பெரியவர்கள் இருக்க மாட்டார்கள். மலையாளி பழங்குடியினர் வாழும் சிற்றூருக்குப் புது முகம் ஒன்று போனால், எந்த வீட்டுக்குப் போகிறது என்று ஊரே பார்க்கும். ஊர்ப் பெரியவரிடம் முதலில் பேசாமல் வேலை நடக்காது. ஆனால் ஒரு வீட்டுக்குள் கேட்டதை அவரிடம் சொல்லவும் கூடாது. ரகசியம் காப்பது நோயாளியின் உரிமை என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. "என்னம்மா, அந்த வீட்டில் என்ன பிரச்சினை?" என்று அவர் அன்பாகக் கேட்கும்போது, மனம் நோகாமல் நழுவுவது எப்படி? அங்கே பல முறை போய் வந்தவர் ஒருவர் கூட்டிக்கொண்டு போனால்தான் அது வரும்.

பெரியார் பல்கலைக்கழக உளவியல் துறையும், அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவும் சேர்ந்து இதைத் தொடங்கலாம். பெரிய கட்டடம் தேவையில்லை. ஒரு அறை, வாரத்தில் ஒரு மதியம், நாலைந்து மாணவர்கள், ஒரு மூத்தவர். குடும்பம் எழுத்தில் சம்மதித்தால் மட்டும் ஒலிப்பதிவு. மாதம் ஒரு முறை ஏற்காடு அரசு மருத்துவமனை. மாவட்ட மனநலத் திட்டத்தில் சேரும் புதியவர்களும் முதல் வருடம் முழுவதும் இதில் கட்டாயம் உட்கார வேண்டும்.

முக்கியமாக ஒன்று: மேற்பார்வை பார்க்கிற மூத்தவரின் அந்த நேரத்தை வேலை நேரமாகக் கணக்கில் எடுக்க வேண்டும். இப்போது அதை அவரவர் நல்ல மனதுக்கு விட்டுவிடுகிறோம். அதனாலேயே ஆரம்பித்த சில முயற்சிகள் பாதியில் நின்றிருக்கின்றன. வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்குவதென்றால், பணியில் இருக்கும் எங்களில் சிலர் அந்த மதியத்துக்கு வரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
குடும்ப நல ஆலோசகர் ஒருவர்,
அஸ்தம்பட்டி, சேலம்.