யார் வாயிலிருந்து வருகிறது என்பதுதான்

அன்புள்ள சேகருக்கு,

நலம். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, சொட்டு மருந்து மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள், பிடிக்க ஆள் போதவில்லை. உன் மகளுக்கு மாற்றல் கிடைத்ததா?

உன் அலுவலகத்தில் இரண்டு சங்கங்களும் ஒன்று சொல்வதை மற்றொன்று காதில்கூட வாங்குவதில்லை என்று எழுதியிருந்தாய். இங்கேயும் அதே கூத்துதான். எங்கள் குடியிருப்பில் சொந்த வீட்டுக்காரர்கள் ஒரு கட்சி, வாடகைக்கு இருப்பவர்கள் ஒரு கட்சி. பராமரிப்புக் கணக்கை மாதாமாதம் அறிவிப்புப் பலகையில் ஒட்டலாமே என்று வாடகைக்காரர் ஒருவர் கூட்டத்தில் கேட்டார். "நேற்று வந்தவர் நம்மைத் திருடன் என்கிறாரா?" என்று சொந்த வீட்டுக்காரர்களான எங்கள் பக்கம் ஒரே கொதிப்பு. அடுத்த கூட்டத்தில் எங்கள் ஆள் ஒருவர் அதையே சொன்னார், கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில். பேஷ் பேஷ் என்று தீர்மானம் போட்டாயிற்று. வேடிக்கையைக் கேள்: இப்போது வாடகைக்காரர்களுக்குச் சந்தேகம். இவர்களே முன்வந்து ஒட்டுகிறார்கள் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறதாம்!

1980களில் அமெரிக்காவில் லீ ராஸ் என்ற உளவியல் அறிஞரும் அவருடைய கூட்டாளிகளும் இதையே சோதித்துப் பார்த்தார்கள். ஓர் அணு ஆயுதக் குறைப்புத் திட்டத்தை வழியில் போகிறவர்களிடம் விளக்கி, இது யாருக்குச் சாதகம் என்று கேட்டார்கள். அவர்கள் அதிபர் ரீகன் சொன்ன திட்டம் என்றபோது, அமெரிக்காவுக்குச் சாதகம் அல்லது இரண்டு பக்கத்துக்கும் பொது என்றவர்கள் 90 சதவீதம். எதிரணியான சோவியத் நாட்டின் தலைவர் கோர்பச்சேவ் சொன்னது என்றதும் 44 ஆக இறங்கிவிட்டது. திட்டம் என்னவோ ஒன்றுதான்.

எனக்கு இதைவிட உறைத்தது ஆஸ்திரேலியாவில் மேத்யூ ஹார்ன்சி என்ற உளவியல் அறிஞர் செய்த ஆய்வுகள். ஒரு குழுவை உள்ளே இருப்பவர் குறை சொன்னால் பொறுத்துக்கொள்கிறார்கள், வெளியாள் சொன்னால் எகிறுகிறார்கள். இது நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் அந்த வெளியாள் பல காலம் கூடவே பழகி, விஷயம் தெரிந்து பேசுகிறவர் என்றாலும் பெரிய வித்தியாசம் இல்லையாம். தெரிந்து சொல்கிறாரா என்று யாரும் பார்ப்பதில்லை. நம் நல்லதுக்குச் சொல்கிறாரா என்றுதான் பார்க்கிறார்கள். எங்கள் "நேற்று வந்தவர்" கதையும் இதேதான். பாதி சொந்தக்காரர்கள் குடிவருவதற்கு முன்பிருந்தே அவர் அங்கே இருக்கிறார்!

கூடி உட்கார்ந்து பேசினால் எல்லாம் சரியாகும் என்கிறாய். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. எதிர்க்கட்சி மேல் வரும் சந்தேகம் எல்லாமே வெறும் பாரபட்சம் என்றும் சொல்ல முடியாது. வாடகைக்காரர்களை ஒரு வார்த்தை கேட்காமல் பராமரிப்புத் தொகையை ஏற்றியவர்கள் நாங்கள். அவர்கள் சந்தேகப்படுவது பட்ட அனுபவத்தால். எங்கள் கோபத்துக்கு அப்படி ஒரு காரணமும் கிடையாது, அதிகாரம் கையில் இருப்பதைத் தவிர. இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொன்று. அந்த யோசனையை இரண்டாவதாகச் சொன்னாரே, அவரிடம் தனியாகக் கேட்டேன். முதல் கூட்டத்திலேயே அது நியாயம் என்று அவருக்குப் பட்டதாம். "அப்பவே எழுந்து, அவர் சொல்றது சரின்னு சொல்லியிருந்தா என்னையும் அந்தப் பக்கம் தள்ளியிருப்பீங்க. அதான் ஒரு மாசம் ஆறவிட்டு, என் யோசனை மாதிரி சொன்னேன்" என்றார். கெட்டிக்காரர்தான். வேலை நடந்தது. ஆனால் முதலில் வாய் திறந்த மனிதருக்கு ஒரு நன்றிகூடக் கிடைக்கவில்லை, இனி அவர் கூட்டத்துக்கு வருவாரா என்பதே சந்தேகம். இதைச் சாமர்த்தியம் என்பதா, கோழைத்தனம் என்பதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

உன் சங்கத்திலும் இப்படி வாயை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுகிற ஆட்கள் இருப்பார்களே, அவர்கள் என்ன செய்கிறார்கள்? விவரமாக எழுது. தங்கச்சிக்கு என் விசாரிப்பைச் சொல்.

அன்புடன்,
மணி