காலைக் கொடியேற்றம் இருக்கட்டும், எங்களுக்கு ஒரு ஞாயிறு மாலை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆகஸ்ட் 15 முடிந்ததும், வெளிநாடுகளில் உள்ள நம் தூதரகங்களில் கொடியேற்றிய படங்களைத் தங்கள் நாளிதழில் பார்க்கிறேன். பட்டுப் புடவையில் பெண்கள், சின்னக் கொடியுடன் பிள்ளைகள். நன்றாகத்தான் இருக்கிறது. துபாயில் கம்பி கட்டும் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் எனக்கு அதில் ஒரு கோரிக்கை உண்டு.

அந்தப் படங்களில் எங்கள் ஆட்களை அதிகம் பார்க்க முடியாது. யாரும் வரவேண்டாம் என்று சொன்னதில்லை, வாசல் திறந்துதான் இருக்கிறது. நேரம்தான் இடிக்கிறது. இங்கே ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்தவெளியில் வேலை வாங்கக் கூடாது என்பது சட்டம். உயிர் காக்கிற சட்டம், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு ஈடாக எங்கள் கம்பெனியில் விடியும்போதே டூட்டி தொடங்கிவிடும். செங்கோட்டையில் பிரதமர் ஏழரை மணிக்குப் பேசத் தொடங்கினால் இங்கே காலை ஆறு மணி. போனில் நெட் வைத்திருப்பவர் பஸ்ஸில் போகும்போது கொஞ்சம் பார்ப்பார், மற்றவர்கள் எட்டிப் பார்ப்போம். தூதரகங்களில் கொடி ஏறுவதும் அந்தக் காலை நேரத்தில்தான்.

கிழமையும் எங்களோடு கண்ணாமூச்சி ஆடுகிறது. 2021-இல் ஆகஸ்ட் 15 ஞாயிற்றுக்கிழமை வந்தது, அப்போது எங்கள் வார விடுமுறை வெள்ளி. 2022-இல் விடுமுறையை ஞாயிறுக்கு மாற்றினார்கள், ஆகஸ்ட் 15 திங்களுக்குப் போய்விட்டது. 2025-இல் சரியாக வெள்ளிக்கிழமை வந்து நின்றது!

அடுத்தவர் நாட்டில் நம் சுதந்திர நாளுக்கு லீவு கேட்பது நியாயமில்லை. இந்த நாட்டின் தேசிய நாளான டிசம்பர் 2 அன்று எங்களுக்கும் சம்பளத்தோடு விடுமுறை. கேம்ப் முழுக்கக் கொடி கட்டி, மெஸ்ஸில் பிரியாணி போடுவார்கள். சந்தோஷமாகவே சாப்பிடுகிறோம், நாங்களும் சேர்ந்து கட்டிய ஊர்தானே.

நம் நாள் எப்படிப் போகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். 14-ஆம் தேதி இரவு பக்கத்து அறைப் பாகிஸ்தான்காரர்கள் தங்கள் சுதந்திர தினத்துக்கு ஸ்வீட் கொடுப்பார்கள். மறுநாள் இரவு, ஓ.டி. முடிந்து குளித்தபிறகு, எங்கள் முறை. எங்கள் அறையில் ஒரு திருப்பூர்க்காரர் இருக்கிறார். 1932-இல் தடியடி பட்டு விழுந்தும் கொடியை விடாத குமரன் கதையை அவர் சொல்லாமல் எங்களுக்குச் சுதந்திர தினம் முடியாது. தெலுங்கு நண்பர்களுக்குப் புரிய வேண்டுமே என்று பாதியை இந்தியில் சொல்வார், அந்த இந்தி இந்திக்காரர்களுக்கும் புரியாது. அதோடு படுத்துவிடுவோம், காலையில் டூட்டி.

நான் கேட்பது இதுதான். காலைக் கொடியேற்றம் அப்படியே நடக்கட்டும். அதற்கு அடுத்து வரும் வார விடுமுறை நாளின் மாலையில், சோனாப்பூர், அல் கூஸ், ஜெபல் அலி மாதிரி தொழிலாளர்கள் தங்கும் பகுதிகளில் தூதரகம் ஒரு கூட்டம் நடத்தலாம். பாஸ்போர்ட் வேலைகளுக்குத் தொலைவான ஊர்களில் விடுமுறை நாளில் முகாம் போடும் பழக்கம் வளைகுடாத் தூதரகங்களுக்கு ஏற்கெனவே உண்டு. நாங்களாகக் கூட்டம் போட முடியாது, இங்கே அதற்கு முறையான அனுமதி வேண்டும். தூதரகம் கேட்டால் கிடைக்கும். பொழுது சாய்ந்தபின் கொடி பறக்கலாமா என்று யாராவது கேட்டால், 2022 ஜூலையில் கொடி விதிகளைத் திருத்தி, திறந்தவெளியில் இரவிலும் பறக்கலாம் என்று ஆக்கிவிட்டார்கள். குடியரசுத் தலைவர் உரையைத் தமிழிலும் தெலுங்கிலும் மலையாளத்திலும் யாராவது வாசித்தால் கடைசி வரிசைவரை போய்ச் சேரும்.

கொடி விஷயத்தில் கேட்டுப் பெறுவது நமக்குப் புதிதல்ல. சுதந்திர நாளில் மாநிலத் தலைநகரங்களில் ஆளுநர்கள்தான் கொடியேற்றிக்கொண்டிருந்தார்கள். கலைஞர் கேட்ட பிறகே 1974 முதல் முதலமைச்சர்கள் ஏற்றுகிறார்கள்.

ஜனவரி 9-இல் மத்திய அரசின் வெளிநாடுவாழ் இந்தியர் தினம், 12-இல் தமிழக அரசின் அயலகத் தமிழர் தினம். இரண்டும் ஊரில், மண்டபத்தில். டிக்கெட் எடுத்து, லீவு போட்டு வர எங்களில் யாரால் முடியும்? தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத் துறை இதை வெளியுறவு அமைச்சகத்துக்கு எழுதினால் ஒரு வழி பிறக்கும், அதற்காகவே தமிழ் நாளிதழுக்கு எழுதுகிறேன்.

பந்தல், நாற்காலி போட ஆள் தேட வேண்டாம். அதை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கம்பி கட்டும் தொழிலாளி ஒருவர்,
துபாய்