செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுத் தோழர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நடந்த நம் அறிவியல் சங்கத்தின் பணிகளை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

செயற்குழு ஆறு முறை கூடியது. ஜனவரியில் செவ்வாய்க் கோள் எதிரமைவுக்கு, அதாவது பூமிக்கு ஒரு பக்கம் சூரியனும் நேர் எதிர்ப்பக்கம் செவ்வாயுமாக, வந்த வாரத்தில் இரண்டு இரவுகள் தொலைநோக்கி வழியே வான்காட்சி நடந்தது. பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாளன்று வினாடி வினா நடத்தினோம். கோடைப் பயிற்சி முகாம் இடம் கிடைக்காமல் நின்றுபோயிற்று.

தொகுதியிலுள்ள அரசு மேல்நிலைப் பள்ளிகளின் ஆய்வகங்களைக் கணக்கெடுத்து, சட்டமன்ற உறுப்பினர் வழியாகக் குறைகளைத் தீர்ப்பது என்பது சென்ற பொதுக்குழுவின் தீர்மானம். ஆண்டின் பெரும்பகுதி இதற்கே போனது. "காகிதம் எழுதியதுதான் மிச்சம், ஒரு கண்காட்சிகூட நடத்தவில்லை" என்று செயற்குழுவில் இரண்டு முறை குறை சொல்லப்பட்டதால், இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முந்தைய ஆண்டுகளில் நாம் கொடுத்த நான்கு மனுக்களின் நகல்கள் கோப்பில் உள்ளன. நான்கிலும் கோரிக்கை ஒன்றே: "அரசுப் பள்ளிகளில் நவீன ஆய்வக வசதி செய்து தர வேண்டும்." பள்ளியின் பெயர் இல்லை, பொருளின் பெயர் இல்லை, தொகை இல்லை. அப்படி ஒரு மனு "தக்க நடவடிக்கைக்கு" என்ற குறிப்போடு எம்.எல்.ஏ. அலுவலகத்திலிருந்து கல்வி அலுவலகத்துக்குப் போகும். "நிதி நிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்" என்று திரும்பி வரும். நமக்கு நான்கு முறையும் அதுதான் வந்தது.

எனவே இம்முறை படிவத்திலிருந்து தொடங்கினோம். பிளஸ் டூ இயற்பியலில் செய்முறைகள் பத்து. ஒவ்வொன்றுக்கும் மூன்று கட்டங்கள்: இருப்புப் பதிவேட்டில் எத்தனை, வேலை செய்வது எத்தனை, ஒரு பிரிவில் மாணவர் எத்தனை பேர். முதல் கட்டத்தை மட்டும் பார்த்தால் எந்தப் பள்ளியிலும் குறையே இருக்காது. இரண்டாவது கட்டத்தில்தான் உண்மை தெரியும்.

ஒரு பள்ளியில் ஒளியை ஆராயும் நிறமாலைமானி நான்கு உண்டு, நான்கும் நல்ல நிலையில். அவற்றுக்கு ஒளி தரும் சோடியம் விளக்கு ஒன்றே ஒன்று. அதன் மின்மாற்றி எரிந்துவிட்டதால் நான்கு கருவிகளும் பெட்டியை விட்டு வெளியே வருவதில்லை. இன்னொரு பள்ளியில் லாஜிக் கேட் என்னும் மின்னணுச் சுற்றுச் செய்முறைக்கு ஆண்டுதோறும் ஐ.சி. எனப்படும் சில்லுகளை வாங்குகிறார்கள், ஆண்டுதோறும் எரிகிறது. இதற்கு வாங்கும் 74 வரிசை ஐ.சி.க்கு வேண்டியது 5 வோல்ட். 7 வோல்ட்டைத் தாண்டினால் தாங்காது. அங்கே இருப்பதோ பேட்டரிக்குப் பதிலாக மின்சாரம் தரும், 12 வோல்ட் வரை குமிழ் திருப்பும் பேட்டரி எலிமினேட்டர். மாணவர் கை ஒரு படி கூடுதலாகத் திருப்பினால் போதும். எலிமினேட்டரை 9 வோல்ட்டில் நிறுத்தி, இடையில் மின்னழுத்தத்தை 5 வோல்ட்டிலேயே நிறுத்தும் ஒரு 7805 ரெகுலேட்டரும் இரண்டு மின்தேக்கியும் வைத்தால் இந்தச் செலவு நின்றுவிடும். மூன்றாவது பள்ளியில், காந்த ஊசியின் விலக்கத்தை அளக்கும் தொடுகோட்டு கால்வனாமீட்டரை இரும்பு பீரோவுக்கு அருகில், இரும்பு மேசைமேல் வைத்திருந்தார்கள். இரும்பு ஊசியை இழுப்பதால், அந்தக் கருவியால் அளக்க வேண்டிய புவிக் காந்தப்புலத்தின் கிடைத்தளக் கூறு அங்கே ஒருநாளும் சரியாக வராது. கருவியில் பழுதில்லை, வேண்டியது ஒரு மரமேசை.

படிவங்களைத் தொகுத்தபோது, எல்லாவற்றையும் எம்.எல்.ஏ.விடம் கொண்டு போனதுதான் இத்தனை ஆண்டு நாம் செய்த தவறு என்று புரிந்தது. மின்மாற்றி, ரெகுலேட்டர், மரமேசை போன்றவை பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தோடு பள்ளி மானியத்தில் முடிய வேண்டியவை. மாணவர் எண்ணிக்கை 250க்கு மேல் 1,000 வரை உள்ள பள்ளிக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஆண்டு மானியம் 75,000 ரூபாய். அந்தத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு ஒன்றிய அரசு தர வேண்டிய 2,152 கோடி ரூபாய் 2024–25இல் வராமல் நின்றது உண்மைதான். ஆனாலும் சிறு செலவை எம்.எல்.ஏ. நிதியில் கேட்டால் கிடைக்காது. அது நிலையான சொத்துக்கான நிதி. அமிலம், உப்பு, கண்ணாடிக் குழாய் போன்ற தீர்ந்துபோகும் பொருளுக்கு அதில் இடமில்லை.

தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். சாலையும் குடிநீரும் சமுதாயக் கூடமும் கேட்பவர்கள் நமக்கு முன்பே வரிசையில் நிற்கிறார்கள். எம்.எல்.ஏ.வின் பரிந்துரைக் கடிதம், பொறியாளரின் மதிப்பீடு, ஆட்சியரின் நிர்வாக அனுமதி, ஒப்பந்தப்புள்ளி என்று வேலை நகரும். இதில் நாம் கண் வைக்க வேண்டிய இடம் மதிப்பீடு. ஆய்வகக் கட்டடத்துக்குச் சாதாரண வகுப்பறையின் மதிப்பீட்டையே போட்டுவிடுகிறார்கள். தண்ணீர்த் தொட்டி இல்லை, அமிலம் தாங்கும் கழிவுக் குழாய் இல்லை, மேசைதோறும் மின் இணைப்பு இல்லை, புகை வெளியேற்றும் விசிறி இல்லை. கட்டி முடித்தபின் கேட்டால் திருத்திய மதிப்பீடு, மறு அனுமதி என்று முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே இந்த நான்கையும் மனுவிலேயே எழுதி, பள்ளி இடத்தின் நில ஆவண நகலையும் மேலாண்மைக் குழுத் தீர்மானத்தையும் இணைத்துக் கொடுத்தோம். ஒரு பள்ளியின் வேதியியல் ஆய்வகத்துக்குப் பரிந்துரைக் கடிதம் கிடைத்திருக்கிறது. பணி இப்போது மதிப்பீட்டு நிலையில் உள்ளது.

ஆய்வகங்களில் உள்ள ஆள் பற்றாக்குறைக்குத் தொகுதி நிதி உதவாது. அதைச் சட்டமன்றத்தில்தான் பேச வேண்டும். 4,362 ஆய்வக உதவியாளர் பணியிடங்களுக்கு 2015இல் தேர்வு நடந்து, 2017இல்தான் நியமனம் ஆனது. உதவியாளர் இல்லாத பள்ளியில் ஆசிரியரே குடுவை கழுவி, கரைசல் தயாரித்து, பாடமும் நடத்துகிறார். அதனால் செய்முறை வகுப்பு தேர்வுக்கு முந்தைய சில வாரங்களுக்குச் சுருங்கிப்போகிறது. மாவட்டத்தில் அனுமதிக்கப்பட்ட இடம் எத்தனை, காலி எத்தனை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிக் கேட்டோம். 30 நாளில் பதில் வரவில்லை. முதல் மேல்முறையீட்டுக்குப் பிறகே வந்தது.

அந்த எண்களை வைத்து ஒரே ஒரு ஏ4 பக்கம் தயாரித்தோம். ஒவ்வொரு துறையின் செலவுக்கும் பேரவையின் ஒப்புதல் கேட்பது மானியக் கோரிக்கை; பள்ளிக் கல்வித் துறையின் மானியக் கோரிக்கை எண் 43. 2025–26க்கு அத்துறைக்கு ஒதுக்கப்பட்டது 46,767 கோடி ரூபாய். அந்த விவாதத்தில் ஓர் உறுப்பினருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். பத்துப் பக்கக் கோப்பை நீட்டினால் யாரும் பிரிக்க மாட்டார்கள். இரண்டு எண், ஒரு கோரிக்கை, அவர் அப்படியே வாசிக்கக்கூடிய நான்கு வாக்கியம். இவ்வளவு போதும். கூட்டத்தொடர் தொடங்குவதற்கு முன்பே கையில் சேர வேண்டும். நம்முடையது தொடங்கிய பிறகு சேர்ந்தது. காரணம் அடுத்த பத்தியில்.

பன்னிரண்டு பள்ளிகளுக்குப் படிவம் பிரித்துக் கொடுத்தோம். குறித்த தேதியில் திரும்பியவை ஐந்து. மீதியை இரண்டு செயற்குழு உறுப்பினர்கள் பள்ளி பள்ளியாகப் போய் நிரப்பினார்கள். ஆறு வாரம் போயிற்று. எம்.எல்.ஏ.வைப் பார்க்க ஒன்பது பேர் வருவதாகப் பட்டியல் கொடுத்திருந்தோம். போனது மூன்று பேர். ஊர்ப் பெற்றோர் ஐம்பது பேர் திரண்டு வந்து சாலை கேட்கும் அதே அறையில், அறிவியல் கல்விக்கு மூன்று பேர் நின்றால் அந்தக் கோரிக்கைக்கு என்ன எடை இருக்கும்? உறுப்பினர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும் என்று உண்மையான வருத்தத்தோடு சொல்கிறேன்.

சந்தா ஆண்டுக்கு 300 ரூபாய். 61 உறுப்பினர்களில் 34 பேர் இன்னும் கட்டவில்லை. அதில் சிலருக்கு இது இரண்டாவது ஆண்டு. நகல் எடுப்பதற்கும் பதிவுத் தபாலுக்கும் போக்குவரத்துக்கும் ஆன செலவை இருப்பிலிருந்தே சமாளித்தோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைந்துள்ளது என்பதை மட்டும் இங்கே குறிப்பிடுகிறேன்.

ஆய்வகக் கதவைத் திறந்துவிட்ட தலைமை ஆசிரியர்களுக்கும், பழுதை மறைக்காமல் காட்டிய ஆசிரியர்களுக்கும், கூட்டத்துக்கு இடம் தந்த நூலகத்துக்கும், தணிக்கையாளருக்கும் சங்கத்தின் நன்றி.

அடுத்த ஆண்டு, 2026, சட்டமன்றத் தேர்தல் ஆண்டு. 2021இல் பிப்ரவரி 26 அன்று தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டது. நடத்தை விதிகளும் அன்றே நடைமுறைக்கு வந்தன. அதன்பின் புதிய பணிக்கு அனுமதி கிடையாது. இம்முறையும் பிப்ரவரிக்குள் கதவு மூடும் என்று கொண்டால், வேதியியல் ஆய்வகத்துக்கு டிசம்பருக்குள் நிர்வாக அனுமதி வாங்கியாக வேண்டும். தேர்தலுக்கு முன் வருவது இடைக்கால வரவு செலவுத் திட்டம் என்பதால், வழக்கமான மானியக் கோரிக்கை விவாதத்தை நம்ப முடியாது. எனவே உதவியாளர் பணியிடக் கோரிக்கையைப் பொதுமக்கள் மனுக்களைப் பரிசீலிக்கும் பேரவையின் மனுக்கள் குழுவுக்கும் அனுப்பலாம். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, ஒரே துறை. தமிழில், ஐந்து நகல்கள். தனிநபர் குறையோ வழக்கில் உள்ளதோ அரசுப் பணியாளர் குறையோ அதில் எடுபடாது. ஆதலால் "பணியிடத்தை நிரப்புக" என்று எழுதாமல், "மாணவருக்குச் செய்முறை வகுப்பு நடக்கவில்லை" என்று எழுத வேண்டும். கட்சிகளின் தேர்தல் அறிக்கைக் குழுக்கள் ஊருக்கு வரும்போதும் இதே பக்கத்தைக் கொடுக்கலாம்.

இதற்கெல்லாம் பள்ளிக்கு இரண்டு பேர் வீதம் இருபத்து நான்கு பேர் தேவை. புதிய கணக்கெடுப்புப் படிவங்கள் வாசலருகே மேசையில் இருக்கின்றன. பள்ளியின் பெயருக்கு எதிரே உங்கள் பெயரையும் கைப்பேசி எண்ணையும் எழுதிவிட்டுப் படிவத்தை எடுத்துச் செல்லுங்கள். ஜூலை 31க்குள் திரும்பத் தாருங்கள். ரசீதுப் புத்தகத்துடன் பொருளாளர் அதே மேசையில் இருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்