பெயரைச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு தலையங்கத்தில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். இணையத்தில் செய்தித்தளம் நடத்துகிறவர்கள் "பத்திரிகைகளின் உழைப்பை எடுத்துப் பிழைப்பவர்கள்" என்று. காலை நாலரை மணிக்குக் கட்டுப் பிரித்து இணைப்பு சொருகும்போதே அது என் கண்ணில் பட்டுவிட்டது. அந்த வரியைத்தான் வீடு வீடாகப் போட்டுவிட்டு வந்தேன். ஒரு வாரமாகியும் மனசு ஆறவில்லை.

நான் உங்கள் ஏஜென்ட். 1986-ல் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் சைக்கிளில் பேப்பர் போட்டவன். அப்புறம் ஏஜென்சியே என் கைக்கு வந்தது. கொரோனா ஊரடங்கில் பேப்பரைத் தொட்டாலே நோய் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து பாதி வீடுகள் நிறுத்தியபோதும், மீதி வீடுகளுக்கு ஒரு நாள் தவறாமல் போட்டேன். இன்று நான் இறக்கும் கட்டு அந்தக் காலத்தில் இறக்கியதில் பாதிகூட இல்லை. இணையத்தால் நஷ்டப்பட்டவன் என்று இந்த ஊரில் ஒருவனைக் காட்டச் சொன்னால் என்னைத்தான் காட்ட வேண்டும். இணையத்தில் தளம் நடத்துகிறவர்கள் மேல் பழி சொல்ல எனக்கு இருக்கிற உரிமை உங்களுக்குக்கூட இல்லை. நானே சொல்லவில்லை, ஐயா.

ஏன் சொல்லவில்லை என்று கேளுங்கள். எங்கள் பக்கத்து ஊரில் ஒரு கால்நடை மருந்தகம் இருக்கிறது. அதை மருத்துவமனையாகத் தரம் உயர்த்தப்போவதாகச் சட்டமன்றத்தில் கால்நடை பராமரிப்புத் துறை மானியக் கோரிக்கையின்போது அறிவிப்பு வந்தது. நீங்கள் போட்டீர்கள். அரசாணை வந்தது, போட்டீர்கள். பெயர்ப்பலகை திறந்தார்கள், படத்தோடு போட்டீர்கள். மூன்று முறையும் அந்தச் செய்தியைச் சுமந்து விற்றவன் நான். அதன் பிறகு அங்கே டாக்டர் இருக்கிறாரா என்று உங்கள் நிருபர் யாரும் போய்ப் பார்க்கவில்லை. சினை மாடு கன்று ஈன முடியாமல் கிடந்தபோது, இருபது கிலோமீட்டர் தாண்டிப் போய் டாக்டரைக் கூட்டி வந்தவர்கள் என் சந்தாதாரர்கள். அவர்கள் என்னிடம்தான் கேட்டார்கள்: "உன் பேப்பர்ல ஆஸ்பத்திரி வந்துடுச்சுன்னு போட்டியே?"

போன வருடம் ஒரு பெண் நிருபர் டவுன் பஸ்ஸில் வந்து என் கடை வாசலில் இறங்கினாள். சட்டமன்றத்தையும் அரசுத் திட்டங்களையும் மட்டுமே எழுதும் ஒரு சிறிய இணையதளம். மொத்தம் நாலைந்து பேர்தான் வேலை பார்க்கிறார்கள். கடை பெஞ்சில் உட்கார்ந்து பையிலிருந்து ஒரு தாள் கட்டை எடுத்து விரித்தாள். கால்நடைத் துறை வருடா வருடம் சட்டமன்றத்தில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்புகள், பல வருடத்துக்கானவை. பென்சிலில் கோடு போட்டு வைத்திருந்தாள். இந்த மருந்தகத்தைப் பற்றிய வாக்கியம் ஒரு வருடம் "தரம் உயர்த்தப்படும்" என்றும், அடுத்த வருடம் "தரம் உயர்த்தப்பட்டுள்ளது" என்றும் இருந்தது. அதற்கடுத்த வருடம் வாக்கியமே இல்லை. விரலை வைத்துக் காட்டினாள். இந்தக் குறிப்புகள் அரசின் இணையதளத்திலேயே கிடக்கின்றன, யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம் என்றாள். முப்பது வருடத்துக்கு மேல் செய்தி விற்ற எனக்கு அன்றைக்குத்தான் அது தெரிந்தது.

பழைய பேப்பர் இருக்கிறதா என்று கேட்டாள். நான் எடைக்குப் போடாமல் வைத்திருக்கும் கட்டுகளைப் பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தேன். தும்மிக்கொண்டே ஒரு மத்தியானம் முழுக்கத் தேடி, உங்கள் மூன்று செய்திகளையும் எடுத்துவிட்டாள். பிறகு அந்தக் கட்டடத்துக்கே போய் நின்றாள். பலகையில் 'மருத்துவமனை' என்ற எழுத்துக்கு அடியில் 'மருந்தகம்' என்ற பழைய எழுத்து வெள்ளைப் பெயிண்டைத் தாண்டித் தெரிவதை அவள் படம் எடுத்தபோது நானும் கூட இருந்தேன். பத்து ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டாள். முப்பது நாளில் வர வேண்டிய பதில் வரவில்லை. மேல்முறையீடு போட்டு வாங்கினாள். டாக்டர் பணியிடம் காலி என்று அதிகாரியே எழுதிக் கொடுத்திருந்தார். அதற்குப் பிறகுதான் செய்தியை வெளியிட்டார்கள்.

அந்தச் செய்தியில் உங்கள் நாளிதழின் பெயர், தேதி, பக்க எண் மூன்றும் இருந்தன. "அறிவிப்பு வெளியான செய்தி" என்று மரியாதையாகக் குறிப்பிட்டிருந்தார்கள். ஊராட்சி ஒன்றியத்தின் பெயரை மட்டும் தவறாகப் போட்டுவிட்டார்கள். நான் போன் செய்து சொன்னேன். அன்று சாயங்காலமே திருத்திவிட்டு, முதலில் தவறாக இருந்தது என்று செய்தியின் தலைமாட்டிலேயே எழுதி வைத்தார்கள்.

ஒன்பது நாள் கழித்து உங்கள் மாவட்டப் பக்கத்தில் அதே செய்தி வந்தது. அதே படம், ஓரம் வெட்டப்பட்டு. எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதற்கு நீங்கள் எழுதியிருந்தது: "சமூக வலைதளங்களில் பரவி வரும் தகவல்." அது பரவி வந்த தகவல் இல்லை, ஐயா. ஒரு பெண் பஸ்ஸில் வந்து, என் பரணில் தூசி தின்று எடுத்த தகவல். இப்போது தலையங்கத்தில் யார் உழைப்பை யார் எடுத்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, எழுதும்போது உங்களுக்குக் கை கூசவில்லையா?

திருத்தம் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. ஒரு மழைக்காலத்தில் நிவாரண டோக்கன் கொடுக்கும் இடத்தைத் தவறாகப் போட்டீர்கள். இடுப்பில் பிள்ளையோடு வந்த பெண்கள் பூட்டிய சமுதாயக் கூடத்தின் முன் நின்றுவிட்டு, நேராக என் கடைக்கு வந்தார்கள். திட்டு வாங்கியவன் நான். இரண்டு கடிதம் எழுதினேன். ஒரு வரி திருத்தம்கூட வரவில்லை. தேர்தல் சமயத்தில் வேட்பாளரின் விளம்பரத்தைச் செய்தி மாதிரியே அச்சடித்துத் தந்தீர்கள். அதையும் நான்தான் போட்டேன். பட்ஜெட் மறுநாள் முதல் பக்கத்தை மூடிக்கொண்டு அரசின் முழுப்பக்க விளம்பரம் வருகிறது. செய்தி மக்கள் தொடர்புத் துறை தரும் விளம்பரம் உங்களுக்கு எவ்வளவு தேவை என்பது எனக்குத் தெரியும், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த விளம்பரம் வாங்காதவர்கள்தான் கேள்வி கேட்க முடிகிறது என்பதும் கண்முன்னே தெரிகிறது.

சட்டமன்ற விதி 110 உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த விதியில் அறிக்கை வாசித்தால் அவையில் யாரும் கேள்வி கேட்க முடியாது, அப்போது விவாதமும் கிடையாது. அங்கே கேட்க முடியாத கேள்வியை வெளியே கேட்பதற்குத்தானே பத்திரிகை இருக்கிறது? நீங்கள் அறிவிப்பைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு அடுத்த நாள் அடுத்த அறிவிப்புக்குப் போய்விடுகிறீர்கள். அந்தச் சிறிய தளக்காரர்கள் பழைய அறிவிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து என்ன ஆனது என்று பார்க்கிறார்கள்.

கத்திக் கத்தித் தலைப்பு வைக்கும் சேனல்களும் இருக்கத்தான் செய்கின்றன. பொய்யும் அவதூறும் என் போனுக்கும் வருகிறது. அவர்களை எழுதுங்கள், நானும் சந்தோஷமாக வீடு வீடாகப் போடுகிறேன். எல்லோரையும் ஒரே சாக்கில் கட்டியதுதான் பொறுக்கவில்லை.

சிறை கண்ட பரம்பரை என்று அதே தலையங்கத்தில் பத்திரிகைகளைப் பற்றிப் பெருமையாக எழுதியிருந்தீர்கள். உண்மைதான். 1987-ல் ஓர் அட்டைப்பட ஜோக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் 3 மாதச் சிறை விதித்தபோது நான் பேப்பர் போடும் பையன். ஊரே அதைப் பேசியது. 2003-ல் தி இந்து, முரசொலி ஆசிரியர்களுக்கு 15 நாள் சிறை என்றார்கள், உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. 2025 பிப்ரவரியில் அதே விகடனின் இணையதளத்தை ஒரு கார்ட்டூனுக்காக மத்திய அரசு முடக்கியது. உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு, அந்தக் கார்ட்டூனை எடுத்த பிறகுதான் மார்ச்சில் தளம் திறந்தது. இன்றைக்குச் சிறைக்குப் பதில் முடக்கம் வருகிறது. விகடனுக்கு வக்கீல் வைக்கத் தெம்பு இருந்தது. நாலைந்து பேர் வைத்து நடத்தும் தளத்துக்கு அது நடந்தால் யார் பேசுவார்கள்? நீங்கள் பேச வேண்டும். நீங்களோ அவர்களைப் பிழைப்பவர்கள் என்கிறீர்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். அந்தக் கால்நடை மருந்தகச் செய்தியை முதலில் வெளியிட்ட தளத்தின் பெயரைச் சொல்லி, மாவட்டப் பக்கத்தில் ஒரு வரி திருத்தம் போடுங்கள். செய்தி வந்த தேதியும், அந்தத் தளத்தின் பெயரும், என் ஏஜென்சி எண்ணும் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். என் பெயரை வெளியிட வேண்டாம். திருத்தம் எந்த நாள் வரும் என்று முன்கூட்டித் தெரிவித்தால், அன்றைக்குப் பத்து பிரதி கூடுதலாக அனுப்பச் சொல்வேன்.

இப்படிக்கு,
உங்கள் ஏஜென்ட்