தலை சாய்ந்தால் சாயட்டும்: வேகப்பந்துப் பயிற்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அண்டர் 14, அண்டர் 16 பிள்ளைகளுக்கு வேகப்பந்து சொல்லித்தரும் பயிற்சியாளர்களுக்கு,

வணக்கம். நெட்ஸுக்கு (வலைப்பயிற்சிக்கு) புதிதாக வரும் பிள்ளை கொஞ்சம் வேகமாகப் போட்டால் போதும், முதல் வாரத்திலேயே அது பந்துவீசும் முறையில், அதாவது அதன் ஆக்‌ஷனில் கைவைத்துவிடுகிறோம். அதை நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். ஏன் என்று விளக்க, இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஆண்டர்சனைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

1982-ல் பர்ன்லியில் பிறந்து, அந்த ஊர் கிளப்பில் லங்காஷயர் லீக் ஆடி வளர்ந்தவர். 2003 மே மாதம் லார்ட்ஸில் ஜிம்பாப்வேக்கு எதிராக முதல் டெஸ்ட். முதல் இன்னிங்ஸிலேயே 73 ரன்னுக்கு 5 விக்கெட். வயது 20. அப்போதே எல்லார் கண்ணையும் உறுத்தியது அவருடைய தலை. பந்தை விடும் நொடியில் தலை இடப்பக்கம் கவிழ்ந்து, பார்வை தரைக்குப் போய்விடும். பேட்ஸ்மேனைப் பார்த்துக்கொண்டே பந்தை விட வேண்டும் என்பது பாலபாடம். இப்படியே போட்டால் முதுகு தாங்காது என்று பயந்து ஆக்‌ஷனைத் திருத்தினார்கள். வேகம் குறைந்தது, ஸ்விங் (பந்து காற்றில் வளைவது) போனது, அணியில் இடம் நிலைக்கவில்லை. 2006-ல் கீழ்முதுகில் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர், அதாவது திரும்பத் திரும்ப விழும் சுமையால் எலும்பில் வரும் விரிசல். அந்த சீசனின் பெரும்பகுதி வீணானது. எது வரக்கூடாது என்று மாற்றினார்களோ, அதுவே வந்து நின்றது.

குணமானதும் பழைய ஆக்‌ஷனுக்கே திரும்பினார். 2008 மார்ச்சில் வெலிங்டன் டெஸ்டில் அவரையும் இன்னொரு வேகப்பந்து வீச்சாளரான ஸ்டூவர்ட் பிராடையும் அணியில் சேர்த்தார்கள். பிறகு நடந்தது ஊரறிந்தது. 2024 ஜூலையில், 41 வயதில், லார்ட்ஸிலேயே விடைபெற்றபோது 188 டெஸ்ட், 704 விக்கெட், 40,000 பந்துக்கு மேல். வேறெந்த வேகப்பந்து வீச்சாளரும் டெஸ்டில் இவ்வளவு பந்து போட்டதில்லை. கடைசிவரை அந்தத் தலை கவிழ்ந்துதான் இருந்தது.

ஆக்‌ஷனை மாற்றியதால் மட்டுமே எலும்பில் விரிசல் விழுந்தது என்று நாங்கள் சாதிக்கவில்லை. 23 வயதில் கீழ்முதுகு எலும்பு முழுதாக இறுகியிருக்காது. அந்த வயதில் பல வேகப்பந்து வீச்சாளர்களுக்கு இது வருகிறது. நாங்கள் சொல்வது, கண்ணுக்குத் தெரிந்த குறை வேறு, முதுகை உடைக்கிற குறை வேறு என்பதுதான்.

முதுகை உடைப்பது எது? முன்கால் தரையில் ஊன்றும்போது உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை காலின் வழியே மேலேறுகிறது. அதே கணத்தில் இடுப்புக்கு மேலுள்ள உடல் பின்னால் வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, திருகவும் செய்கிறது. வலக்கை வீச்சாளருக்கு இடப்பக்கக் கீழ்முதுகில், முள்ளெலும்பின் பின்வளையத்தில் இருக்கும் மெல்லிய பாலத்தில்தான் இந்தச் சுமை இறங்கும். மிகவும் ஆபத்தானது மிக்ஸ்டு ஆக்‌ஷன்: பின்கால் ஊன்றும்போது இடுப்பு பேட்ஸ்மேனை நேராகப் பார்க்கும், தோள் பக்கவாட்டில் திரும்பியிருக்கும், அல்லது நேராக இருந்த தோள், முன்கால் ஊன்றுவதற்குள் பின்னுக்குத் திருகிவிடும். ஃபோனில் ஸ்லோ மோஷன் வைத்து, முன்னிருந்து ஒன்றும் பக்கத்திலிருந்து ஒன்றுமாகப் படம் எடுங்கள். பின்கால் பாதம், இடுப்பு, தோள் மூன்றும் ஒரே திசையில் இருந்தால் ஆக்‌ஷனை விட்டுவிடுங்கள். தலை அதற்குப் பிறகுதான்.

தலையை நிமிர்த்தச் சொன்னால் தலை மட்டும் நிமிராது. தோள் இறங்கும் பாதை மாறும், அதோடு மணிக்கட்டும் மாறும். ஆண்டர்சனின் சொத்தே மணிக்கட்டுதான். அவுட்ஸ்விங்கருக்கு இரு விரலும் சீமின் (பந்தின் தையலின்) இருபுறம், சீம் ஸ்லிப்பை நோக்கிச் சற்றே சாய்ந்து, பளபளப்பான பக்கம் வீச்சாளருக்கு வலப்புறம், மணிக்கட்டு பந்துக்கு நேர் பின்னால். இதில் மணிக்கட்டு சற்றுச் சரிந்தாலே சீம் தள்ளாடி ஸ்விங் செத்துவிடும். 2010-ல் பாகிஸ்தானின் முகமது ஆசிஃபைப் பார்த்து, அதே தள்ளாட்டத்தை வேண்டுமென்றே வரவழைக்கும் வாபிள் சீமைக் கற்றுக்கொண்டார். பந்து பிட்ச் ஆனபின் எந்தப் பக்கம் போகும் என்று பேட்ஸ்மேனால் ஊகிக்க முடியாது. அடுத்து ஆஸ்திரேலியாவுக்கு எதிராக வந்த ஆஷஸ் தொடரில் 24 விக்கெட். கற்றது புது வித்தை; ஆக்‌ஷன் பழையதே.

2021 பிப்ரவரி சேப்பாக்கம் டெஸ்டின் ஐந்தாம் நாளை நினைத்துப் பாருங்கள். ஆண்டர்சனின் ஒரே ஓவரில் ரிவர்ஸ் ஸ்விங்கில் (பழைய பந்து வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் வளைவது) சுப்மன் கில்லின் ஸ்டம்ப் பறந்தது, பிறகு ரஹானேவின் ஸ்டம்பும். அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். இரண்டு பந்திலும் அவர் பார்வை தரையில்தான் இருக்கிறது.

இனி, உங்கள் கவனம் போக வேண்டிய இடம் ஓவர் கணக்கு. இங்கிலாந்து வாரியம் இளையோருக்குப் பல ஆண்டுகள் வகுத்திருந்த அளவு இது: 13 வயதுவரை ஒரு ஸ்பெல்லுக்கு (ஒருவர் தொடர்ந்து வீசும் ஓவர்களுக்கு) 5 ஓவர், நாளுக்கு 10. 14, 15 வயதில் 6, 12. 16, 17 வயதில் 7, 18. ஒரு ஸ்பெல் முடிந்தால், போட்ட ஓவர் எத்தனையோ அத்தனை ஓவர் அதே முனையிலிருந்து பிறர் போட்டு முடிக்கும்வரை ஓய்வு. நம்மிடம் கணக்கு தப்புவது நெட்ஸில்தான். காலையில் மேட்ச், மாலையில் பேட்ஸ்மேனுக்காக ஒரு மணி நேரம் பந்து. பள்ளி அணி, கிளப் அணி, அகாடமி மூன்றும் தனித்தனியே கணக்கு வைத்தால் மொத்தம் யாருக்கும் தெரியாது. ஆகவே நோட்டுப் புத்தகம் பிள்ளையிடம் இருக்கட்டும். நெட்ஸ் பந்தையும் சேர்த்து எழுதட்டும். முந்தைய நான்கு வாரச் சராசரியைவிட ஒரு வாரம் திடீரென இருமடங்காகிவிட்டால் அதுதான் அபாய மணி. பரீட்சை விடுமுறை முடிந்து நேரே போட்டிக்கு வரும் வாரத்தில் இது அடிக்கடி நடக்கும்.

முதுகில் ஒரு பக்கம் மட்டும் வலி, பின்னால் வளைந்தால் கூடுகிறது என்றால் அன்றே பந்தை வாங்கி வையுங்கள். ஒற்றைக் காலில் நின்று பின்னால் வளையச் சொல்லுங்கள். வலித்தால் மருத்துவரிடம் அனுப்புங்கள். ஆரம்ப நிலை எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், எம்ஆர்ஐயில் தெரியும். தைலம் தேய்த்து அடுத்த மேட்ச் ஆடவைத்தால், சில வார ஓய்வோடு போயிருக்க வேண்டியது பல மாத ஓய்வாகிவிடும்.

மிக்ஸ்டு ஆக்‌ஷன்தான் என்று வீடியோவில் உறுதியானால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் சீசன் நடுவில் வேண்டாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், பெரும்பாலும் பின்கால் பாதம் ஊன்றும் திசையை மட்டும் மாற்றுங்கள். முதலில் நின்ற இடத்திலிருந்து, பிறகு நடந்து வந்து, பிறகு பாதி ரன்-அப்பில். முழு ரன்-அப்புக்குப் போனதும் பழைய படத்தோடு புதியதை ஒப்பிடுங்கள். வேகமும் ஸ்விங்கும் நாலைந்து வாரமாகியும் திரும்பவில்லை என்றால் மாற்றத்தைக் கைவிட்டு, பிள்ளையைப் பழையபடி போடவிடுங்கள்.

இப்படிக்கு,
வேகப்பந்து வீச்சை நேசிக்கும் சிலர்